உங்கள் அக்கா கம்ப்யூட்டருக்கு ஆபரேஷன் செய்த விவரம்

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

அக்கா வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்காவும் நலமாக இருக்கிறோம். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்கு வருடத்துக்கு முன் நீங்கள் வாங்கி வந்து, உங்கள் கையாலேயே மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரும் நலம். இடையில் மூன்று நாள் மட்டும் நலமில்லாமல் இருந்தது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று போன் பேசினாலும் உங்கள் அக்கா காதில் விழும். கடைசியில் உங்களிடம் ஒரு உதவி கேட்கப் போகிறேன், அது அவள் காதில் விழக் கூடாது. அதனால்தான் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து உங்கள் அக்கா அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸாக இருந்தவள், புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒரு கையேடு எழுதுகிறாள் என்ற அளவுக்கு எனக்கும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தினமும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை அந்த அறையில் டக்டக்கென்று சத்தம் கேட்கும். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால் சாப்பாட்டு நேரம் என்று எழுந்திருப்பேன். இப்படியே மூன்று வருடம் போயிற்று. புத்தகம் முடிந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முழுசும் கைக்கு வர வேண்டும், வராவிட்டால் மெஷினை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவேன், அப்புறம் ஆறு மாதம் கழித்துத்தான் என்று அச்சகத்துக்காரர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் புது நர்ஸ்களுக்குப் பயிற்சி ஆரம்பம். ஆறு மாதம் கழித்து வரும் கையேட்டை யார் கையில் கொடுப்பது?

இந்த நிலைமையில் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் அக்கா பட்டனை அழுத்தினாள். உள்ளே விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. வழக்கமான டக்டக் சத்தம் வரவில்லையே என்று பத்தே காலுக்கு நான் போய் வாசலில் நின்றேன். அவள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன ஆச்சு?" என்றேன். "வரமாட்டேங்குது" என்றாள். "அதுக்குள்ள என்ன இருந்துது?" என்று கேட்டேன். "எல்லாம்" என்றாள். "எல்லாம்னா?" "பதினோரு அத்தியாயமும்." "வேற எங்கயும் எடுத்து வெக்கலையா?" என்றேன். அவள் என் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்தாள். மூன்று வருடம், மாப்பிள்ளை, மூன்று வருட உழைப்பு அந்தத் தகரப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் எடைக்கல்லையும் தராசையும் சோதித்துச் சீல் வைத்த ஆய்வாளன் சும்மா இருப்பானா? தராசில் முள் அசையாவிட்டால் முதலில் தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். ரசமட்டத்தை எடுத்து வந்து பெட்டியின் தலைமேல் வைத்துப் பார்த்தேன். நீர்க்குமிழி இடது பக்கம் ஒரு கோடு ஒதுங்கி நின்றது. ஒரு அட்டைத் துண்டை மடித்து அடியில் கொடுத்து மட்டமாக்கினேன். அக்கா பட்டனை அழுத்தினாள். திரை அப்படியே கறுப்பாக இருந்தது, ஆனால் பெட்டி மட்டமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. "சரி, அது இல்லைன்னு தெரிஞ்சுதே" என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்தப் பெருந்தன்மையை என்னவென்று சொல்வேன். என் மேலதிகாரிகள் ஒருவரும் என் யோசனையை அப்படிக் குறித்துக்கொண்டதில்லை.

அந்த நோட்டு ஒரு கேஸ் ஷீட். இடது பக்கம் மணி, நடுவில் என்ன செய்தோம், வலது பக்கம் நோயாளி எப்படி இருக்கிறார். மேஜை விளக்கைக் கொண்டுவந்து அந்த பிளக்கில் மாட்டிப் பார்த்தாள், எரிந்தது. மின்சாரம் வருகிறது என்று எழுதினாள். கீழ்வீட்டுத் தையல்காரரிடம் திரையை ஒரு மணி நேரம் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தாள், அதுவும் கறுப்பு. நம் திரையில் குற்றமில்லை என்று எழுதினாள். நான் பொறுக்க முடியாமல் தெருமுனைக் கடையிலிருந்து மெக்கானிக்கை அழைத்து வந்தேன். அவர் பட்டனை அழுத்தினார், பெட்டியில் காதை வைத்தார், "போர்டு போச்சு சார். உள்ள இருக்கறதும் போயிருக்கும். புதுசா ஒண்ணு எடுத்துடுங்க" என்றார். அக்கா மெதுவாகக் கேட்டாள், "தொறந்து பாக்கலையே தம்பி?" அவர், "தொறக்கவே வேணாம்மா, சத்தத்துலயே தெரியுது" என்றார். "சத்தத்துல நோயாளி மூச்சு விடறார்னு தெரியும். என்ன நோய்னு தொறக்காம எப்படித் தெரியும்?" என்றாள். அவருக்கு டீ கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டாள். நான்தான் அங்கேயே இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க, கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. நாமளே தொறப்போம்" என்றாள்.

சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்தாகிவிட்டது. அதன்மேல் பெட்டியைப் படுக்க வைத்தாகிவிட்டது. எவர்சில்வர் தட்டில் ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, தூரிகை ஒன்று, இடுக்கி ஒன்று, அழிப்பான் ஒன்று, வரிசை கலையாமல். நான் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லி, திறப்பதற்கு முன் பெட்டியை நிறுத்துப் பார்த்தேன். எட்டுக் கிலோ முந்நூற்று நாற்பது கிராம். இது எதற்கு என்று அவள் கேட்கவில்லை, அதையும் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு டார்ச் பிடிக்கும் வேலை. கருவியைக் கேட்டால் கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்ட வேண்டும். முதல் தடவை நான் கூர் முனையை நீட்டிவிட்டேன். கையை நீட்டியபடியே காத்திருந்தாள், நான் திருப்பிக் கொடுத்த பிறகுதான் வாங்கினாள். கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் உரக்க எண்ணுவாள், நான் அதே எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அன்று பதினான்கு. மூடும்போதும் பதினான்கு. நடுவில் ஒருமுறை நான் வாய் தவறிப் பதிமூன்று என்று சொல்லிவிட, அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த ஒன்று என் மடியிலிருந்து கிடைக்கும்வரை மேற்கொண்டு எதையும் தொடவில்லை. மாப்பிள்ளை, முப்பத்தைந்து வருடம் இவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இவள் வேலை செய்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. இவ்வளவு கைதேர்ந்தவளா நமக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று மலைத்துப்போனேன்.

உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. தூரிகையால் எடுத்து எடுத்துப் பேப்பரில் சேர்த்தாள். புதன்கிழமை காலை பெட்டியை மறுபடி நிறுத்தேன், நாற்பது கிராம் குறைந்திருந்தது. எதையோ உள்ளே வைக்க மறந்துவிட்டோம் என்று கத்தினேன். அவள் தூசிப் பொட்டலத்தை எடுத்துத் தராசில் வைத்தாள். சரியாக நாற்பது கிராம். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்றைக்கு ராம் என்கிற ஞாபகச் சில்லைக் கழற்றி அதன் மஞ்சள் பற்களை அழிப்பானால் தேய்த்து மாட்டினாள். பொத்தான் மாதிரி இருக்கும் பேட்டரியை மாற்றினாள். ஒன்றை மாற்றினால் ஒருமுறை பட்டனை அழுத்திப் பார்ப்பாள், எழுதுவாள், அப்புறம்தான் அடுத்தது. இரண்டு காரியத்தை ஒன்றாகச் செய்யவே மாட்டாள். "ரெண்டை ஒண்ணா மாத்தினா, எதனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிடும்" என்றாள். ஒன்றாலும் சரியாகவில்லை.

புதன்கிழமை மத்தியானம் எனக்குத் தாங்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து வந்து, "நீ சொல்லு, நான் எழுதறேன். மெஷின் வராட்டி வராம போகட்டும், உன் தலைக்குள்ள இருக்கறது எங்கயும் போயிடலையே" என்றேன். நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். பிறகு ஆரம்பித்தாள். ஒரு தாளும் இல்லாமல், முதல் அத்தியாயத்திலிருந்து. தியேட்டருக்குள் முதல் நாள் எங்கே நிற்க வேண்டும், கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும், டாக்டர் சீறினால் அதை எந்தக் காதில் வாங்க வேண்டும், ஆறு மணி நேரம் சுவரில் சாயாமல் எப்படி நிற்பது, வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அம்மாவைக் கடந்து போகும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும். நான் எழுத எழுத நடுவில் என் தொழில் புத்தியில் சந்தேகம் சந்தேகமாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னாள். ஆறு மணி நேரம் நின்றுவிட்டு வந்த நாட்களில்தான் நான் கதவைத் திறந்ததும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கிறேன், மாப்பிள்ளை. அது நினைவுக்கு வந்து பேனா ஓடவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டு வேளை வருவதற்குள் நாற்பத்து நான்கு பக்கம் எழுதினேன். என் கை வீங்கிவிட்டது. அவள் அதற்கும் மருந்து போட்டாள்.

வியாழக்கிழமை காலை உங்கள் அக்கா வேறு வழியில் இறங்கினாள். இல்லாமல் முடியாது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டாள். அப்படியும் திரை வரவில்லை. கடைசியாகப் பெட்டியின் முகப்பிலிருந்து உள்ளே போகும் சின்னச் சின்ன வயர்களுக்கு வந்தாள். ஒரு ஜோடியை உருவுவாள், பட்டனை அழுத்தச் சொல்லுவாள், பார்ப்பாள், திரும்ப மாட்டுவாள். மூன்றாவது ஜோடியை உருவியதும் நான் அழுத்தினேன். திரையில் வெளிச்சம் வந்தது. எழுத்து ஓடியது. பதினோரு அத்தியாயமும் அப்படி அப்படியே இருந்தது. அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இந்த வயர்லதான் ஏதோ கோளாறு போலிருக்கு. தம்பி வாங்கினப்பவே இருந்திருக்கும். அவன்கிட்ட சொல்லணும்" என்றாள். சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

அது எந்த வயர் என்று நான் பார்த்தேன். முகப்பில் இருக்கும் அந்தச் சின்னப் பட்டனின் வயர்.

இப்போது திங்கட்கிழமைக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. அன்று காலை நான் தூசி துடைக்கப் போய், பெட்டியின் முகப்பில் ஒரு சின்னக் கதவுக்குள் இருக்கும் அந்தப் பட்டனைத் தெரியாமல் அழுத்திவிட்டேன். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை கேட்காமல் அணைந்து மறுபடி ஆரம்பித்தது. அக்கா தட்டியிருந்த அரைப் பக்கத் திருத்தம் போயிற்று. "பரவாயில்லைங்க" என்றாள், அவ்வளவுதான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இனி யார் கையும் அதன்மேல் படக் கூடாது என்று தீர்மானித்தேன். மத்தியானம் அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அச்சகத்துக்குப் போயிருந்தபோது, அட்டையை நான்காக மடித்துப் பட்டன்மேல் வைத்து, துணி டேப்பால் இழுத்து ஒட்டி, அதற்கு மேல் அரக்கு உருக்கி, நான் வீட்டு உபயோகத்துக்கென்று செய்து வைத்திருக்கும் பித்தளை முத்திரையால் ஒரு சீல் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். அசையாத சீல். அதுதான் தப்பாகப் போயிற்று. அந்த அட்டை மூன்று நாளும் பட்டனை விரல் எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பாவம் அந்த மெஷின், ஆரம்பிப்பதற்குள் மறுபடி ஆரம்பி என்று உத்தரவு. சீல் வைத்த பொருளில் கோளாறு வராது என்று நம்பியே வேலை பார்த்தவன், இந்த மூன்று நாளும் அதை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அவளும் அந்தச் சின்னக் கதவைத் திறக்கவே இல்லை. அவள் டீயோடு வருவதற்குள் கத்தியால் சுரண்டி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலை அவள் உட்கார்ந்து புதிதாக ஒரு அத்தியாயம் தட்டி, எனக்கு வாசித்துக் காட்டினாள். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் புத்தகம் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இப்படிப்பட்டவளின் மூன்று வருடத்தை நான் ஒரு துண்டு அரக்கால் அழிக்கப் பார்த்தேன் என்பதை எந்த வாயால் அவளிடம் சொல்வது? என்மேல் அவளுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச மதிப்பும் போய்விடும். ஆகவே மைத்துனர் அவர்கள் பெரிய மனசு பண்ண வேண்டும். அவள் போனில் வயரைப் பற்றிக் கேட்கும்போது, ஆமாக்கா, நான் சரியா மாட்டலை, என் தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்கு அது பெரிய பாரமாக இருக்காது. நான் இவளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு என் ஆசியையும் சொல்லவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். படித்ததும் இதைக் கிழித்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் உதவியை மறக்காத
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இதற்குக் கீழே எழுதுவது அக்கா. உறையை ஒட்டி, அதன் மேலும் அரக்கு வைத்து, தபால் நிலையத்துக்குத்தானே போகிறாய் என்று என்னிடமே கொடுத்தனுப்பினார். அரக்கை உடையாமல் எடுப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. கடைசிப் பக்கத்தில் இடம் இருந்தது, எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை திரை வராதபோது நான் முதலில் திறந்தது அந்தச் சின்னக் கதவைத்தான். உடம்பை வெளியே நன்றாகப் பார்க்காமல் கத்தியை எடுக்கக் கூடாது என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறேன். உள்ளே சிவப்பாகச் சீல். நகத்தால் நெம்பினால் முடிந்துபோகும் வேலை, நெம்பவும் போனேன். அப்போது இவர் வாசலில் வந்து நின்று, அதுக்குள்ள என்ன இருந்துது என்று கேட்டார். மூன்று வருடத்தில் முதல் தடவை. நான் கதவைச் சாத்திவிட்டேன். புத்தகத்துக்கு ஒரு ஆபத்தும் இல்லை. நீ சொல்லிக் கொடுத்தபடி தினமும் பென்டிரைவில் எடுத்துக் கைப்பையில் வைத்திருந்தேன். ஒரு நாளோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், எனக்கும் சொல்ல நிறைய இருந்தது, மூன்று நாள் ஆகிவிட்டது.

புதன்கிழமை, கருவிகளின் எண்ணிக்கை குறைந்தால் தையல் போடப் போகும் டாக்டரை எப்படி நிறுத்துவது என்ற அத்தியாயத்தை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "குறைஞ்சது தன்னாலதான்னு தெரிஞ்சா, அத்தனை பேர் முன்னாடி அந்தப் பொண்ணு அதை எப்படிச் சொல்லுவா?" என்று கேட்டார். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அத்தனை வருடம் அந்த வேலை பார்த்துவிட்டு, அதை எழுதாமலேயே புத்தகத்தை முடித்திருக்கிறேன். வியாழக்கிழமை தட்டிய பன்னிரண்டாம் அத்தியாயம் அதற்கான பதில்தான். தப்பு உன்னுடையது என்று தெரிந்த நிமிடமே வாயைத் திறந்து சொல், அதை இன்னொருவர் தலையில் வைக்காதே என்று எழுதினேன். புத்தகத்திலேயே அதுதான் நல்ல அத்தியாயம், அதைக் கொடுத்தவர் இவர். வாசித்துக் காட்டினபோது கண் கலங்கி, ரொம்ப நல்லா இருக்கு என்றார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து உனக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார்.

மூன்று நாள் நானும்தான் வாயைத் திறக்கவில்லை, அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். வயரைப் பற்றிக் கேட்பேன். "என் தப்புதான்க்கா" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல். அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்.